சும்மா உட்கார ஓர் ஆள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், வாரம் தவறாமல் இந்த இல்லத்துக்கு வந்து போகும் டாக்டர் அவர்களே! மேடை என்று நாம் மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளும் இந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் மேட்ரன் அம்மாவின் தங்கை அவர்களே! அறக்கட்டளை உறுப்பினர்களே! உட்காரச் சொன்னாலும் உட்காராமல் சமையலறைக் கதவருகே நிற்கும் பணியாளர்களே! சக்கர நாற்காலியிலும் சாதா நாற்காலியிலுமாக முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட இல்லத்துப் பெரியவர்களே! அவர்களை அப்பாவாகவும் மாமியாராகவும் சித்தியாகவும் அடையும் பேறு பெற்ற குடும்பத்தினரே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அத்தனை பேரும் இது ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார்கள். நான் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பை மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தீப்பிடித்த கடை, வெள்ளம் புகுந்த கிடங்கு, நசுங்கிய லாரி என்று எதன் முன்னால் நின்றாலும், எது போயிற்று, எது மிச்சம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஈடு செய்ய முடியாதது என்று நான் எழுதியிருந்தால் மேலதிகாரி அந்த அறிக்கையை என் மேசைக்கே விட்டெறிந்திருப்பார். ஆகவே என் பேச்சில் கண்ணீரை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வருத்தம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. சொல்லிவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தெய்வம் என்று சொன்னார்கள். அன்னை என்று சொன்னார்கள். தியாகச் சுடர் என்றுகூட ஒரு சகோதரர் சொன்னார். மேட்ரன் அம்மா இங்கே இருந்திருந்தால் அந்தச் சகோதரர் இந்நேரம் துடைப்பமும் கையுமாக நின்றிருப்பார்! போன ஆண்டு விழாவில் ஒருவர் அவரைத் தெய்வம் என்று புகழ்ந்தபோது, மைக்கைப் பிடுங்கி அவர் சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "தெய்வம்னு சொல்லிட்டா கும்பிட்டுட்டுப் போயிடுவீங்க. எனக்கு இங்க நகம் வெட்ட ஆள் வேணும்." சொல்லிவிட்டு மைக்கைப் புகழ்ந்தவர் கையிலேயே திணித்துவிட்டுப் போனார்.

யார் இந்த மேட்ரன் அம்மா? பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து மேட்ரனாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர் ஓய்வெடுத்தாரா? இல்லை. மாடி இல்லாத இந்த வீட்டைப் பிடித்தார். ஒரு நடை, அதன் இரண்டு பக்கமும் அறைகள், நடையின் கோடியில் கை கழுவும் தொட்டி. இவ்வளவுதான் இல்லம். ஆள் குள்ளம், குரல் மட்டும் கட்டடத்தைவிடப் பெரிது. அவர் செருப்புச் சத்தம் நடையில் கேட்டால், வங்கியில் நூறு பேரை மேய்க்கிற மேலாளர்கூடக் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருவார். அவர் போடும் தேநீர் வாயில் வைக்க முடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன், அவர் பொய்யை ரசிக்காதவர்.

என் அப்பாவை நான் இங்கே அழைத்து வந்த நாளைச் சொல்கிறேன். அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், அந்தப் பாதியில் பாதிப் பேரை அழவும் வைத்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்த பிறகும் வாய் மட்டும் தளரவில்லை. வீட்டில் நான் சவரம் செய்யப் போனால், "கை ஏன் நடுங்குது? வெளிச்சம் பாத்து நிக்க மாட்டியா? ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கியா நீ?" என்று ஆரம்பிப்பார். நான் சும்மா இருப்பேனா? நானும் ஒன்று சொல்வேன். பேச்சு என் பள்ளிக்கூட நாள் வரைக்கும் போய்த் திரும்பும். சவரம் பாதியில் நிற்கும். ஒரு கன்னம் வழுவழுப்பாகவும் மறு கன்னம் முள்ளாகவும் அவர் நாள் கணக்கில் இருந்ததுண்டு.

இங்கே வந்த அன்று தொழில் புத்தி என்னை விடவில்லை. மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, பின்கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, குளியலறைத் தரை வழுக்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேட்ரன் அம்மா பின்னாலேயே வந்தார். நான் குனிந்து குழாயடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்ததும் கேட்டார்.

"பாத்து முடிச்சாச்சா? இப்ப நான் சொல்றதக் கேளுங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது வரணும். வந்தா அப்பா பக்கத்துல உக்காருங்க. எவ்வளவு நேரம் வேணா உக்காருங்க. ஆனா சவரம் பண்றது, ஊட்டுறது, மருந்து தடவுறது எதுவும் அவருக்கு நீங்க பண்ணக் கூடாது. அத வேற வீட்டு ஆளு பண்ணுவாங்க. நீங்க நாலாம் ரூம் டீச்சருக்குத் தலைவாரிப் பின்னி விடணும்."

"எனக்குப் பின்னத் தெரியாதுங்க."

"டீச்சருக்குத் தெரியும். சொல்லிக் குடுப்பாங்க."

"இதுக்கெல்லாம் ஆள் வச்சிருக்கீங்க இல்ல?"

"வச்சிருக்கேன். வேலைக்கு ஆள் இல்லாம உங்களக் கூப்பிடல. நீங்க வெறுங்கையோட வந்தா அப்பாவோட சண்ட போட்டுட்டுத்தான் போவீங்க. ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." அப்புறம் அறை வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "சொந்தம்னு பக்கத்துல உக்கார யாரும் வரலன்னா இங்க எடம் கிடையாது. முன்னாடியே சொல்லிட்டேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

இதுதான் அவருடைய முறை. ஒவ்வொரு குடும்பமும் வேறு வீட்டுப் பெரியவருக்குக் கைவேலை செய்ய வேண்டும். தன் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும். இல்லத்தில் இருந்த தையல்கார மாமா இதற்குக் கைமாத்து என்று பெயர் வைத்தார். பெயர் வேடிக்கையாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சீப்பும் கையுமாக நாலாம் அறைக்குப் போனேன். டீச்சர் அதோ, முன்வரிசையில் நீலச் சால்வையோடு அமர்ந்திருக்கிறார். பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் கூந்தலைப் பிரித்ததும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "மூணு பங்கும் சமமா இருக்கணும். இது என்ன பாகப்பிரிவினையா, ஒருத்தனுக்கு மட்டும் அள்ளிக் குடுக்க?" என்றார். பின்னினேன். அவிழ்க்கச் சொன்னார். பின்னினேன். மறுபடியும் அவிழ்க்கச் சொன்னார். அன்று என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு தடவைகூட எனக்குக் கோபம் வரவில்லை. இதையே என் அப்பா சொல்லியிருந்தால் சீப்பை எறிந்துவிட்டு வெளியே போயிருப்பேன். டீச்சர் என் பள்ளிக்கூட மதிப்பெண்களை அறியாதவர், அது எவ்வளவு பெரிய நிம்மதி!

அதே நேரத்தில் நடைக்கு அந்தப் பக்கம் டீச்சருடைய மகள் என் அப்பாவுக்குச் சோப்பு நுரை பூசிக்கொண்டிருந்தார். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். இரண்டு அறைக் கதவுகளும் திறந்திருந்தன, என் காதும் திறந்திருந்தது.

"என்ன வேலை பாக்குற?" என்றார் அப்பா.

"ஸ்கூல் வேன் ஓட்டுறேங்க ஐயா. கழுத்தத் தூக்குங்க."

"கிளட்ச்ல கால வச்சிக்கிட்டே ஓட்டுற கூட்டமா?"

"ஆமாங்க ஐயா. உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்."

 அப்பா சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் அப்பாவின் பள்ளிப் பக்கம்கூடப் போனதில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்பாவிடம் நாங்கள் கடைசி வரைக்கும் அதைச் சொல்லவில்லை.

கைவேலை சுலபம், நண்பர்களே. உட்காருவதுதான் கஷ்டம். இரண்டு கன்னமும் ஒரே மாதிரி இருக்கும் அப்பாவின் பக்கத்தில் நான் போய் உட்கார்ந்தேன். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அவருக்குத் திட்ட ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் எதை வைத்துப் பேசுவோம்? நான் எழுந்தேன். வாசலில் மேட்ரன் அம்மா!

"எங்க எந்திரிக்கிறீங்க?"

"தண்ணி எடுத்துட்டு வரலாம்னு..."

"தண்ணி குடிச்சாச்சு. மாத்திரையும் போட்டாச்சு. ஜன்னலும் தெறந்தாச்சு. உக்காருங்க."

உட்கார்ந்தேன். வாரா வாரம் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகச் சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்து அப்பா ஓட்டுகிறவர்களின் குற்றங்குறைகளைச் சொல்வார். "இவன் சிக்னல் போடாம திரும்புறான் பாரு." நான் ஆமாம் என்பேன். சில நாள் நானே முந்திக்கொண்டு ஒரு வண்டியைக் காட்டுவேன். போன வருடம் அப்பா போய்விட்டார். போகும்போது எங்களுக்குள் சண்டை எதுவும் பாக்கி இல்லை. எங்கள் குடும்பத்தில் அது பெரிய செய்தி.

சரி, மேட்ரன் அம்மா செய்ததெல்லாம் சரிதானா? இரங்கல் கூட்டத்தில் இப்படிக் கேட்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கிறீர்கள். நான் கேட்காவிட்டால் என் தொழிலுக்கு அவமானம். இந்த முறை எல்லோருக்கும் ஒத்து வரவில்லை. ஒரு மகள் இந்த நடையிலேயே நின்று, "எங்கம்மாவுக்கு நான் ஊட்டக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?" என்று கத்தினார். மேட்ரன் அம்மா, "கட்டிப் பிடிங்க, மடியில படுத்துக்குங்க, யாரு வேணான்னா? ஸ்பூன மட்டும் வேற ஆளு பிடிக்கட்டும்" என்றார். அந்த மகள் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

இன்னொரு பெரியவரைப் பார்க்க யாருமே வருவதில்லை. மேட்ரன் அம்மா மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அந்தப் பெரியவரை அவரே வண்டியில் ஏற்றி மகன் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். எங்களுக்கெல்லாம் கோபம். இப்படியும் ஒரு கல்மனசா என்று நானே நேரில் கேட்டேன். "சோறு குடுப்பேன், குளிப்பாட்டுவேன். மகனா நடிக்க எனக்குத் தெரியாது" என்றார். அது நல்லபடியாக முடிந்ததா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த விதியை அவர் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தையல்கார மாமா இறந்த அன்று நடந்ததைச் சொல்லாமல் போனால் பின்வரிசையில் இருப்பவர்கள் என்னை விடமாட்டார்கள். உடலை ஏற்றிப் போகிற வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, "மகன் யாரு?" என்று கேட்டார். நான் முன்னால் போனேன். வங்கி மேலாளரும் முன்னால் வந்தார். டீச்சர் மகளும், "நான்தாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். கைமாத்தில் ஆளுக்கு ஒரு வாரம் என்று அவருக்குக் கால் பிடித்துவிட்டவர்கள் நாங்கள். கேட்ட கேள்வி காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. தன் வண்டியை நிறுத்த இடம் தேடிவிட்டு உண்மையான மகன் மூச்சிரைக்க ஓடி வந்தபோது, ஓட்டுநர் அவர் நெஞ்சில் கை வைத்து, "சொந்தக்காரங்க மட்டும் ஏறுங்க சார்" என்று தடுத்துவிட்டார்!

மேட்ரன் அம்மாதான் வந்து வழக்கைத் தீர்த்தார். "எல்லாருமே மகன்தான், ஏறட்டும்" என்றார். "ஒரு ஆளுக்கு இத்தன பேரா? வண்டியில எடம் பத்தாதும்மா" என்றார் ஓட்டுநர். "பத்தலன்னா நீங்க எறங்கிக்குங்க. ஓட்டுறதுக்கு இந்தப் பொண்ணு இருக்கா." அந்த நேரத்திலும் மாமாவின் மகன் சிரித்துவிட்டார். அவர் இன்றும் இங்கே வந்திருக்கிறார். அப்பா இல்லை, இருந்தாலும் ஒன்பதாம் அறைப் பெரியவருக்கு நகம் வெட்ட வருகிறார்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நான் இங்கே எழுந்து நின்றதே இதற்காகத்தான்.

மேட்ரன் அம்மாவின் கணவர் இந்த நடையின் கடைசி அறையில் இருக்கிறார். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவர். பயிற்சி நர்ஸாக இருந்த காலத்தில் மேட்ரன் அம்மா, படியேறிப் போகக்கூடிய மாடிக்கும் லிஃப்டில்தான் போவாராம். மற்ற நர்ஸுகள் கேலி செய்தால், "எனக்குக் கால் வலி" என்பாராம். அந்தக் கால் வலி கல்யாணத்தில் முடிந்தது. பிள்ளைகள் இல்லை. இன்று அவருக்கு நினைவு தப்பிவிட்டது. அறைக்குள் யார் நுழைந்தாலும், "எந்த மாடி?" என்று கேட்பார். மாடி இல்லாத இந்த வீட்டில் நாம் எல்லோரும் மூன்று என்றோ நான்கு என்றோ சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறோம்.

இந்தக் கணவருக்கு மேட்ரன் அம்மா இந்த இல்லத்தில் ஒரு வாய் ஊட்டியதில்லை, ஒரு நாள் முகம் துடைத்துவிட்டதில்லை. ஊர் என்ன பேசியது? "ஊருக்கெல்லாம் செய்யறா, கட்டின புருஷன ஊராரு கையில விட்டுட்டா" என்று பேசியது. இங்கே இருக்கிற சிலரும் பேசினீர்கள். நான் பெயர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். நான் ஒரு நாள் அவருக்குச் சவரம் செய்துவிட்டு நடைக்கோடித் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மேட்ரன் அம்மாவும் கை கழுவிக்கொண்டிருந்தார்.  அவராகவே சொன்னார்.

"ஆஸ்பத்திரியில எத்தன பேருக்கு ஊட்டியிருக்கேன். துப்புவாங்க, தட்டி விடுவாங்க, கடிச்சுக்கூட வச்சிருக்காங்க. ஒருத்தர் மேலயும் எனக்குக் கோபம் வந்ததில்ல. இவருக்கு முடியாம போன புதுசுல வீட்டுல நான்தான் பாத்துக்கிட்டேன். ஒரு நாள் சூப் ஸ்பூனத் தட்டி விட்டாரு. அவ்வளவுதான், ஓங்கி மேசையில அடிச்சேன். கத்துனேன். மறுநாள் நான் கிட்ட போனதும் கையத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கிட்டாரு."

குழாயை மூடினார். கையைத் துடைத்தார். எப்போதும் போலத்தான் பேசினார், குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஊட்டுறதுக்கு யாரு வேணா கிடைப்பாங்க. பொண்டாட்டின்னு அவருக்கு நான் ஒருத்திதான். அத நான் கெடுத்துக்கக் கூடாது."

இந்த இல்லத்தின் முறை பிறந்த கதை இதுதான், வேறு எந்தத் தத்துவமும் இல்லை. ஒவ்வொரு நாள் மாலையும் அவர் கணவரின் அறைக்குப் போவார். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொள்வார். அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்த ஒரே இடம் அது. சில நாள் அவர் மனைவியை அடையாளம் கண்டு, "இன்னிக்கு ஏன் லேட்டு?" என்று கோபித்துக்கொள்வார். "டியூட்டி" என்பார் மேட்ரன் அம்மா. பல நாள் அடையாளம் தெரியாது. அன்றும் உட்கார்ந்திருப்பார்.

அவரை இந்தக் கூட்டத்துக்கு ஏன் அழைத்து வரவில்லை என்று சிலர் கேட்டீர்கள். மனைவி இறந்த அன்றே அவரிடம் சொன்னோம். டாக்டர் அவர்கள்தான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அழுதார். சாயங்காலத்துக்குள் மறந்துவிட்டு, "அவ எங்க?" என்றார். மறுபடி சொன்னோம். அப்போதுதான் முதல் தடவை கேட்பவர் போல மறுபடி அழுதார். "போதும், இனிமே யாரும் சொல்லாதீங்க" என்று டாக்டர் தடுத்துவிட்டார். இப்போது கேட்டால், "வேலையா இருக்காங்க" என்கிறோம். நம்புகிறார். ஏன் நம்பமாட்டார்? கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்ட பதில் அதுதானே! இப்போதும் நம் வேன்காரப் பெண் அவருக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டு அந்த அறையில்தான் இருக்கிறார்.

இல்லம் மூடப்படாது. மூத்த நர்ஸ் பொறுப்பை ஏற்றிருக்கிறார், அறக்கட்டளை ஒப்புக்கொண்டுவிட்டது. கைமாத்தும் நிற்காது. லிஃப்ட்காரருக்கு ஊட்டவும் குளிப்பாட்டவும் இந்தக் கூடம் முழுக்கக் கைகள் இருக்கின்றன. எல்லாம் மிச்சம் இருக்கிறது. போனது எது? அந்த நாற்காலியில் சொந்தம் என்று உட்கார இருந்த ஒருவர் போய்விட்டார். சொந்தம் என்று உட்கார ஆள் இல்லாதவருக்கு இங்கே இடம் கிடையாது. விதி யாருடையது? மேட்ரன் அம்மாவுடையது! வெளியே போக வேண்டியவர் யார்? அவருடைய கணவர்!

தங்கை அவர்கள் தம் வீட்டுக்கு அருகில் ஒரு பெரிய விடுதியில் அத்தானுக்கு இடம் பார்த்துவிட்டார். நாளை மறுநாள் அவரை அழைத்துப்போக வண்டி வருகிறது. தங்கை அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் வயதாகிவிட்டது, முழங்கால் ஒத்துழைப்பதில்லை, இங்கே வந்து போக ஒரு முழு நாள் பயணம். செய்யக்கூடியதை முறையாகச் செய்திருக்கிறார். அந்த விடுதியை நான் போய்ப் பார்த்தேன். நல்ல கட்டடம், தரை வழுக்காது, பின்கதவு வெளியே திறக்கிறது. மாடிகளும் இருக்கின்றன. எந்த மாடி என்று அவர் கேட்டால் யாராவது சரியான பதிலைச் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுவார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அறக்கட்டளைக் கூட்டத்தில் ஒருவர், "அவருக்கு மட்டும் விதியத் தளர்த்திடலாமே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் கூடாது என்றேன். மகன் வீட்டு வாசலில் இறக்கிவிடப்பட்ட அந்தப் பெரியவருக்குத் தளர்த்தாத விதியைத் தன் கணவருக்குத் தளர்த்த மேட்ரன் அம்மா சம்மதிப்பாரா? நாம் மாலை போட்டு வைத்திருக்கும் இந்தப் படத்திலிருந்து இறங்கி வந்து நம்மை வரிசையாக நிற்க வைத்திருப்பார்! விதி இருக்கட்டும். விதிப்படியே செய்வோம்.

எனக்கு அப்பா இல்லை. பக்கத்தில் உட்கார இங்கே எனக்கென்று ஒருவரும் இல்லை. டீச்சருக்குப் பின்னல் போட வருகிறேன், போட்டுவிட்டுப் போகிறேன். லிஃப்ட்காரருக்கும் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. நான் அவருக்கு என்ன உறவு? ஒன்றும் இல்லை. எதிலும் ஒட்டாமல் ஓரமாக நின்று குறிப்பெடுப்பவன் என்று என் வீட்டிலேயே எனக்குப் பெயர். வேலை ஏதாவது கொடுத்தால் எங்கும் நிற்பேன், வேலை இல்லாமல் ஒருவர் பக்கத்தில் உட்காருவது எனக்கு இன்னும் சரியாக வராது. இருந்தாலும் அந்த நாற்காலியை நான் கேட்கிறேன். இனி அவருக்கு நான் சவரம் செய்யமாட்டேன், ஊட்டமாட்டேன். அதையெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அவர் வீட்டு ஆள்.

தங்கை அவர்களே! உங்கள் அக்காவின் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அதை நான் கேட்கவும் இல்லை. நாளை மறுநாள் வருகிற வண்டியை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தச் சபையின் முன்னால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை அவர்கள் சரி என்று தலையசைக்கிறார்கள். டாக்டர் அவர்களே, நீங்களும் பார்த்தீர்கள் அல்லவா? அறக்கட்டளை உறுப்பினர்களும் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி அம்மா. கொஞ்சம் பொறுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

எல்லோருடைய சம்மதமும் கிடைத்தால் போதுமா? அவருடைய சம்மதம் வேண்டாமா? அதை இன்று காலையிலேயே போய்க் கேட்டுவிட்டேன். எந்த மாடி என்றார். இங்கேதான் என்றேன். "தெனம் சாயங்காலம் உங்க பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரட்டுங்களா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். 

"உக்காருங்க" என்றார். "ஆனா என் வீட்டுக்காரி வந்தா எந்திரிச்சிடணும்."

எழுந்துவிடுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மேட்ரன் அம்மா அவர்களே, உங்களுக்கும் அதே வாக்கைக் கொடுத்து, இந்தச் சபையைச் சாட்சி வைத்து, என் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.